பலகைக்கு அந்தப் பக்கம்

சேவூரில் எங்கள் வீட்டு அறைக்கதவு மழையில் ஊறிப்போக, அதைச் சரிசெய்ய வந்த ஆசாரி அவர். ஒல்லியான ஆள். எப்போதும் பக்கவாட்டில் சாய்ந்தே இருக்கும் தலை. ஆணி அடிக்கும் முன் பலகையை விரலால் மூன்று முறை தட்டுவார். பிறகு அதில் காதை வைத்துக் கொஞ்ச நேரம் நிற்பார்.

இரண்டாம் நாள் நான் அறைக்குள் இருந்தேன். வெளியே அவர் தட்டியதும், கூப்பிடுகிறார் என்று நினைத்து, நானும் உள்ளிருந்து மூன்று முறை தட்டினேன். வெளியே சுத்தியல் விழும் சத்தம். கதவைத் திறந்தால், மனிதர் தரையில் உட்கார்ந்திருந்தார்.

தண்ணீர் குடித்த பிறகு சொன்னார். வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில், பழங்காலப் போர்க்கப்பலைப் போலவே கட்டிய பாய்மரக் கப்பலைப் புதுப்பிக்கும் வேலையில் இருந்தாராம். இவர் வெளியே, கூட்டாளி கப்பலின் அடிவயிற்றுக்குள்ளே. இவர் தட்டினால், ஆணி அடிக்கலாம் என்று அவன் திருப்பித் தட்டவேண்டும்.

"அன்னிக்கு அவன் தட்டவே இல்ல சார். டீ குடிக்கப் போயிட்டான்னு நெனச்சிகினு நானும் போயிட்டேன். உள்ளாற பெயின்ட் நெடியில மயங்கிக் கெடந்திருக்கான். தூக்கினப்ப உயிர் இல்ல."

"அது உங்க தப்பு இல்லீங்க" என்றேன். அவர் எழுந்து சுத்தியலை எடுத்துக்கொண்டார்.

"உள்ளாற போய் இன்னொரு தபா தட்டறீங்களா சார்?"

போய்த் தட்டினேன்.

"சரிடா" என்றது அவர் குரல். பிறகு ஆணி இறங்கத் தொடங்கியது.

என்னை 'சார்' என்று மட்டுமே கூப்பிட்டவர் அவர். அந்தச் 'சரிடா'வை யாரிடம் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.