சிவக்காத நாக்கு

மங்களத்தைப் பார்த்தாலே நவமணிக்கு வயிறு எரியும். கோப்பெங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் இருவரும் ஒன்றாகப் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர்கள். தோட்டத்தை மூடியபின் சிம்பாங் பூலாய் தாமான் குடியிருப்பில் அடுத்தடுத்த வீடு. இருவருக்கும் அறுபத்திரண்டு வயது, இருவருக்கும் ரத்தக் கொதிப்பு, இருவருக்கும் கண்ணில் புரை. ஆனால் மங்களம் ஆபரேஷனை முடித்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து பேப்பரைச் சத்தமாக வாசிக்கிறாள். சத்தமாக! யாருக்குக் கேட்கவேண்டுமாம்?

நவமணியின் ஆபரேஷன் இரண்டு முறை தள்ளிப்போயிருந்தது. பிரஷர் நூற்றெண்பது என்று வந்த வழியே திருப்பி அனுப்பிவிட்டார்கள். ரவிக்கை தைத்துச் சாப்பிடுகிறவள் அவள். ஊசியில் நூல் கோக்க முடியாமல், கைத்தடவலில் தைத்துக்கொண்டிருந்தாள். இந்த முறையும் தட்டிப்போனால் தையல் மெஷினை மூடிவைக்கவேண்டியதுதான்.

மங்களத்தின் பிரஷர் மட்டும் எப்படி இறங்கியதாம்? அதையும் அவளே தெருவெல்லாம் சொல்லியிருந்தாள்: மாத்திரையோடு தினமும் காலையில் ஒரு கிளாஸ் பீட்ரூட் சாறு. நீயும் குடித்துப் பார் என்றபோது, மண் வாடை அடிக்கும், எனக்கு வேண்டாம் என்று நவமணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மறுநாளே இரண்டு கிலோ வாங்கிவந்து, பின்கதவைச் சாத்திக்கொண்டு அரைத்தாள்.

குடித்தால் நாக்கு சிவந்து தொலைக்கிறதே! மங்களம் பார்த்துவிட்டால், என்னைப் பார்த்துத்தான் குடிக்கிறாள் என்று கோயில்வரை போய்ச் சொல்வாள். அதைவிட உயிர் போவது மேல். பார்மசியில் இருப்பதிலேயே காரமான வாய் கொப்பளிக்கும் மருந்தை வாங்கி, சாறு குடித்த கையோடு கண்ணில் நீர் வரக் கொப்பளித்தாள். மதியமும் இரவும் இன்னொரு தடவை. நாக்கு வெளுத்தது. பிரஷர் இம்மியும் அசையவில்லை.

அதே சாறு அவளுக்கு வேலை செய்கிறது, எனக்கு மட்டும் ஏன் செய்யவில்லை என்று கிளினிக்கில் நர்ஸ் ஷாமினியிடம் சண்டைக்கே போனாள். ஷாமினி ஒவ்வொன்றாக விசாரித்தாள். கொப்பளிக்கிற கதை வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

பீட்ரூட்டில் இருக்கும் நைட்ரேட்டை நாக்கில் குடியிருக்கும் கிருமிகள்தான் முதலில் மாற்றிக் கொடுக்கின்றனவாம். அது உடம்புக்குள் போய் நைட்ரிக் ஆக்சைடு ஆகிறதாம். அந்த வாயுதான் இறுகிக் கிடக்கும் ரத்தக் குழாயை இளக்கி விரியவைக்கிறதாம்.

"நல்ல கிருமியையும் சேத்துக் கொன்னுட்டீங்கக்கா. அந்த மருந்த நிப்பாட்டுங்க. ஆனா சாறு குடிக்கிறோம்னு மாத்திரைய மட்டும் விட்றாதீங்க லா."

டாக்டர் மாத்திரையையும் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார். நவமணி கொப்பளிக்கும் மருந்து பாட்டிலைக் குப்பையில் எறிந்தாள்; சாற்றை விடவில்லை. அதன்பிறகு நாலு வாரம் மங்களத்தோடு வெறும் தலையாட்டல்தான். பேசினால்தானே நாக்கு தெரியும்?

மூன்றாவது தேதியும் வந்தது. துணைக்கு ஆள் இல்லாமல் ஆபரேஷன் செய்யமாட்டார்கள். மகனோ தூரத்தில் ஜொகூரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மங்களத்தின் வாசலில் போய் நின்று வாயைத் திறந்தாள்.

"நாளைக்கு என்கூட ஆஸ்பத்திரிக்கு வாரியா?"

மங்களம் அந்தச் சிவந்த நாக்கைப் பார்த்தாள். எத்தனை மணிக்கு என்று மட்டும் கேட்டாள். ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தாலாவது நவமணிக்கு ஆறியிருக்கும்.

பிரஷர் நூற்று முப்பத்தாறு. ஆபரேஷன் நடந்தது. மறுநாள் கண்கட்டைப் பிரித்தபோது எதிரே மங்களம் நின்றிருந்தாள், போன தீபாவளிக்கு நவமணி தைத்துக்கொடுத்த பச்சை ரவிக்கையில். தோள் தையல் கோணிக்கொண்டு ஓடியது. ஒரு கை மற்றதைவிட அரை அங்குலம் குட்டை. நல்ல கண்ணோடு இத்தனை மாதமும் இதைப் பார்த்துக்கொண்டேதான் போட்டிருக்கிறாள், கோயிலுக்கும் கல்யாணத்துக்கும். யாரிடமும் மூச்சு விடவில்லை.

நவமணி கையை நீட்டி அந்தக் கோணல் தையலைத் தடவினாள். கூடவே பொறாமையும் பொங்கியது. பாவி, நல்லவளாக இருப்பதிலும் இவளே முந்திக்கொண்டாளே!

"வீட்டுக்குப் போனதும் அந்த ரவிக்கையக் கழட்டிக் குடுடி. பிரிச்சுத் தைக்கணும்."

"ஏன்?" என்றாள் மங்களம். "நல்லாத்தானே இருக்கு."