பச்சைத் தீ எரிந்த சனிக்கிழமை

பள்ளிக்கூடமும் நானும் மூன்றாம் வகுப்போடு சண்டை சச்சரவில்லாமல் பிரிந்துவிட்டோம். அதனால்தான் போன வாரம் கஞ்சி பொங்கி வழிந்து, கேஸின் நீலத் தீ சட்டென்று மஞ்சளானபோது, "சிலிண்டர் தீரப்போகுது" என்று என் சாயாக்கடை முழுக்கக் கேட்க அறிவித்தேன். பிளஸ் ஒன் படிக்கும் என் மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, அது கஞ்சியில கெடக்குற உப்பு. உப்பு பட்டா தீ மஞ்சளா எரியும். செம்பு பட்டா பச்சை."

எல்லாப் பொருளுக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத பொடிசுகள் இருக்கின்றனவாம். சூடு பட்டதும் எகிறிக் குதித்து, மறுபடி இறங்கும்போது தன் தன் நிறத்தைக் காட்டிக்கொடுத்துவிடுமாம். உப்பால் பச்சை காட்ட முடியாது. பொய் சொல்லத் தெரியாத கூட்டம்.

"செம்பு எதுலடி இருக்கும்?"

"துரிசுல இருக்கே, அந்த நீலக் கல்லு."

அதற்குப் பிறகு இரண்டு சாயாவுக்குச் சர்க்கரை போட மறந்தேன். நல்லவேளை, குடித்தவர்கள் சுகர்காரர்கள். வாழ்த்திவிட்டுப் போனார்கள்.

எனக்கு எட்டு வயதில் நாங்கள் வண்டிப்பெரியார் பக்கம், தோட்டக் கூலிக்காரர்களின் லயத்தில் இருந்தோம். தேயிலைத் தோட்டம் பூட்டிக் கிடந்தது. அம்மா திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டாள். அப்பா ஜீப் ஏறி சக்குபள்ளம் ஏலத்தோட்டங்களுக்கு மருந்தடிக்கப் போவார். மழைக்காலத்தில் ஏலச்செடி அழுகாமலிருக்க, நீலத் துரிசையும் சுண்ணாம்பையும் கலக்கி அடிக்கிற வேலை. திரும்பி வரும்போது முழங்கை வரை நீலமாக இருக்கும். கிருஷ்ணர் வேஷத்தைப் பாதியில் விட்டு ஓடிவந்தவர் மாதிரி.

அம்மா மாதத்தில் ஒரு சனிக்கிழமை வருவாள். எந்தச் சனி என்று எங்கள் அடுப்புதான் சொல்லும்.

"அடுப்பு சிரிச்சா விருந்தாளி வரும்பாங்கள்ல. நம்ம அடுப்பு அதுக்கும் மேல. பச்சையா எரிஞ்சா ஒங்கம்மா வர்றான்னு அர்த்தம்" என்பார் அப்பா.

காலையில் தீ பச்சையாக எரிந்தால் சாயங்காலம் அம்மா பஸ்ஸை விட்டு இறங்குவாள். ஒரு தடவைகூடத் தப்பியதில்லை. நான் அடித்த பீற்றலில் ஒருத்தி தொலைந்த ஆட்டுக்குக் குறி கேட்டு வந்தாள். இரண்டு நெல்லிக்காய் வாங்கிக்கொண்டு, ஆடு வடக்கே போயிருக்கிறது என்றேன். ஆடு கசாப்புக்கடைக்குப் போயிருந்தது. கடை வடக்கேதான் இருந்தது.

அந்த மழையில் நான்கு சனிக்கிழமை தீ மஞ்சளாகவே எரிந்தது. ஐந்தாவது சனி அப்பா விடியுமுன்னே வேலைக்குப் போய்விட்டார். விறகெல்லாம் நனைந்து புகைந்தது. பரணில் கைவிட்டுத் துழாவினேன். பழைய சாக்குக்குப் பின்னால் காய்ந்த கம்பு ஒன்று அகப்பட்டது. ஒடித்து அடுப்பில் வைத்தேன். தீ பச்சையாக எழுந்தது.

சாட்சிக்குப் பாதிக் கம்பை மிச்சம் வைத்து, அப்பா வந்ததும் மறுபடி எரித்துக் காட்டினேன்.

"அம்மா வர்றாப்பா."

அவர் தீயைப் பார்த்தார். பரணைப் பார்த்தார். திட்டு விழும் என்று ஒரு அடி பின்னால் நகர்ந்தேன். அவர் வெளியே போய், நீலக் கையைச் சோப்புப் போட்டு நெடுநேரம் தேய்த்தார். பெட்டியிலிருந்த சட்டையைப் போட்டு, எண்ணெய் வைத்து வகிடெடுத்தார்.

"என்னண்ணே, பொண்ணு பாக்கவா?" என்றாள் பக்கத்து வீட்டு அத்தை.

"ஆமா. பழைய பொண்ணுதான்."

பஸ் நிற்கிற இடத்தில் ஒரு பலசரக்குக் கடை. கடைக்காரர் அப்பாவைத் தயக்கமாகப் பார்த்தார்.

"போனு ஒண்ணும் வரலியேப்பா."

"தெரியும்ணே" என்றார் அப்பா.

அம்மா, தான் வருகிற வாரத்தில் முந்தின நாளே அந்தக் கடைக்குப் போன் செய்துவிடுவாள். மறுநாள் காலை அப்பா, துரிசுத் தொட்டி கலக்கி ஊறிப்போன கம்பில் ஒரு துண்டை விறகோடு செருகிவிடுவார். இது எனக்கு விளங்க, போன வாரம் கஞ்சி பொங்க வேண்டியிருந்தது. கடைசிப் போனில் அம்மா "இனி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டதை, நான் பெரியவளான பிறகு அந்த அத்தைதான் சொன்னாள்.

அன்றைக்கு முதல் பஸ் வந்தது. இரண்டாவதும் வந்தது. தூறலில் கால் மரத்துப்போய், "போலாம்ப்பா" என்று முதலில் சொன்னது நான்தான்.

"ஆறு மணி வண்டி இருக்கு, தாயி."

அதுவும் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள், ஒரு மூட்டை இறங்கியது. பஸ் வளைவில் மறைந்தது. கடைக்காரர் பலகைகளை எடுத்து அடைக்கத் தொடங்கினார்.

"இதுக்குப் பின்னாடி ஒரு வண்டி உண்டுல்லண்ணே?" என்று கேட்டார் அப்பா.

கடைக்காரர் அடுத்த பலகையைச் செருகினார். எந்த பஸ் எப்போது வரும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர் அப்பா.

"மறந்துட்டீங்களாப்பா, இதான் கடைசி" என்றேன்.

அப்பாவுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறதே என்று, லயம் வந்து சேரும்வரை எனக்கு ஒரே பெருமை.