சுண்ணாம்பு அடித்த கிணறு

1. கடைசி வரி

எக்ஸ்டர்னல் எக்ஸாமினரின் கடிதம் திங்கட்கிழமை வந்தது. பிராக்டிகல் பரீட்சை வெள்ளிக்கிழமை. கடிதத்தில் மற்றதெல்லாம் வழக்கமான சங்கதிதான். கடைசி வரிதான் எங்களைப் பிடித்து ஆட்டியது. பெரணிக்கு, அதாவது ஃபெர்னுக்கு, பச்சை மெட்டீரியல் வைக்க வேண்டும், ஃபார்மலினில் ஊறியது கூடாது என்று எழுதியிருந்தார்.

அப்போது நான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் டெமான்ஸ்ட்ரேட்டர். அறுபதுகளின் பின்பாதி. நாலு வருடமாகத் தற்காலிக வேலை, ஒவ்வொரு ஜூனிலும் புது ஆர்டருக்குக் கையேந்தி நிற்க வேண்டும். அந்த ஜூனில் நிரந்தரம் ஆகிவிடும் என்று புரொபசர் சொல்லி வைத்திருந்தார். கடிதத்தை என்னிடம் நீட்டியபோது அவர் குரல் மாறிவிட்டது.

"மெட்டீரியல் உங்க பொறுப்பும்மா. வெள்ளிக்கிழமை மேஜை மேல பெரணி இல்லன்னா நிரந்தரம் பண்ற கமிட்டியில உங்களுக்காக நான் வாயைத் திறக்க முடியாது."

எங்கள் வீட்டில் எல்லோரும் தறிக்காரர்கள். நான் ஒருத்திதான் பட்டு நூலை விட்டுவிட்டுப் பச்சிலையைப் பிடித்தவள். வேலை போனால் "படிச்சு என்ன கிழிச்சே" என்று கேட்க வீட்டிலேயே ஏழு பேர் இருந்தார்கள்.

இன்றைய பிள்ளைகளுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிராக்டிகல் மேஜையில் செடி வர்க்கம் ஒவ்வொன்றிலிருந்தும் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். வேர், தண்டு, இலை என்ற பேதமே இல்லாத பாசி கோயில் குளத்தில் கிடைக்கும். பெரணிக்கு உறவான நீர்ச்செடி ஆரைக்கீரைக்குச் செவிலிமேட்டுப் பக்கம் ஆற்றுக் கால்வாய் இருந்தது. பூக்காமலே விதை வைக்கும் சைகஸ் ஒரு வக்கீல் வீட்டுத் தோட்டத்தில் நின்றது, வக்கீலம்மாவிடம் கெஞ்சினால் ஓர் ஓலை வெட்டித் தருவார். பூக்கும் வர்க்கத்துக்குச் சூரியகாந்தி எங்கும் உண்டு. பெரணி மட்டும்தான் கஷ்டம். அதற்கு நிழலும் ஓயாத ஈரமும் வேண்டும். பங்குனி வெயிலில் காஞ்சிபுரத்தில் அதற்கு எங்கே போவது?

எனக்கு ஓர் இடம் தெரியும். தை மாதம் ஒரு கல்யாணத்துக்குப் பக்கத்துக் கிராமமான திருப்பருத்திக்குன்றம் போனபோது முனுசாமி என்ற விவசாயியின் கிணற்றை எட்டிப் பார்த்திருந்தேன். உள்சுவர் முழுக்க அடியாண்டம். கறுத்துப் பளபளக்கும் காம்பு, விசிறி போலச் சின்னச் சின்ன இலை. பாடப்புத்தகத்தில் இருக்கிற அதே பெரணி.

2. சொல்லாமல் விட்டது

செவ்வாய்க்கிழமை ரிக்‌ஷா பிடித்துப் போனேன். லேப் அட்டெண்டர் கோவிந்தன் பின்னாலேயே சைக்கிளில் வந்தார். கிணற்றை எட்டிப் பார்த்தேன். பெரணி அப்படியே இருந்தது, உயிர் வந்தது எனக்கு.

அன்றைக்கே பறித்துவிட முடியாது. அடியாண்டம் பறித்த சில மணி நேரத்தில் சுருண்டுவிடும், சுருண்ட இலையை மைக்ராஸ்கோப்புக்கு மெல்லிசாகச் சீவ ரேஸர் ஓடாது. வியாழக்கிழமை சாயங்காலம் பறித்து, ஈரத்துணியில் சுற்றி ராத்திரி வைத்திருந்தால் காலைக்குச் சரியாக இருக்கும். முனுசாமியிடம் சொன்னேன், மெட்ராசிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார், அவருக்காக உங்கள் கிணறு எங்களுக்கு வேண்டும், நாளை மறுநாள் வருகிறோம் என்று. அவர் துண்டை இடுப்பில் இறக்கிக்கொண்டு தாராளமாக வாருங்கள் என்றார்.

செடி பறிக்க வருகிறேன் என்று மட்டும் சொல்லவில்லை. கூச்சம்தான், வேறென்ன. கிணற்றுச் சுவரில் முளைத்த களைக்காகக் காலேஜ் டீச்சர் ரிக்‌ஷா வைத்துக்கொண்டு வருகிறாள் என்று ஊர் சிரிக்குமே. அதோடு இவர்களிடம் விளக்கி என்ன ஆகப் போகிறது என்று ஒரு படித்த திமிரும் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

3. வெள்ளை

வியாழக்கிழமை சாயங்காலம் வரப்பில் நடந்து வரும்போதே கோவிந்தன் நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, கிணறு இன்னா இப்படி மின்னுது?"

கைப்பிடிச் சுவர் வெள்ளைவெளேரென்று இருந்தது. நடுவில் காவிப் பட்டை. ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். உள்சுவரும் இரண்டு ஆள் ஆழத்துக்கு வெள்ளை. ஓர் இலை இல்லை. முனுசாமி கயிறு கட்டி இறங்கி, ஒரு நாள் முழுக்கச் செங்கல் இடுக்கு இடுக்காகச் சுரண்டியிருக்கிறார். மறுநாள் சுண்ணாம்பு. அந்தப் பக்கத்தில் கிணற்றுக்குப் படையல் போடும்போது இப்படிச் செய்வது வழக்கம். பெரிய அதிகாரி வருவதையும் அவர்கள் அதே கணக்கில் வைத்துவிட்டார்கள்.

சுரண்டிய செடியெல்லாம் வரப்போரம் குவிந்து கிடந்தது. ஒன்றரை நாள் வெயிலில் அப்பளமாகிவிட்டது. கையில் எடுத்தால் பொடியாகிறது.

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. யார் உங்களைச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னது என்று கத்திவிட்டேன். முனுசாமி பாவம், கையில் இன்னும் சுண்ணாம்பு ஒட்டியிருக்க, திகைத்து நின்றார். அவர் மனைவி பச்சையம்மாதான் பதில் சொன்னாள். அவளுக்கு ஏறக்குறைய என் வயதுதான்.

"பெரிய மனுசரு வராருன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? அவரு முன்னாடி அழுக்குக் கிணத்தைக் காட்டச் சொல்றீங்களா?"

அப்படியே கைப்பிடிச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்புறம்தான் விஷயத்தைச் சொன்னேன். அதிகாரி கிணற்றைப் பார்க்க வரவில்லை, பரீட்சைக்கு வருகிறார். எனக்கு வேண்டியது கிணறில்லை, நீங்கள் சுரண்டிப் போட்ட அந்தச் செடி. அது இல்லாவிட்டால் என் வேலை போய்விடும்.

பச்சையம்மா உடனே புருஷனிடம் மோட்டாரை நிறுத்தச் சொன்னாள்.

"இத மொதல்லியே சொல்லியிருந்தா இவ்ளோ வேலை எங்களுக்கும் இல்ல. வாங்க, மோட்டாருக்குப் பின்னால இருக்குது. கரண்ட்டுக்குப் பயந்துக்கினு அவரு அந்தப் பக்கம் கையே வெக்கல."

4. நகம்

கோடையில் தண்ணீர் கீழே போய்விடும் என்பதால், கிணற்றுக்குள்ளேயே ஒரு மேடை கட்டி அதன் மேல் மோட்டாரை வைத்திருந்தார்கள். ஓட்டுவதற்கு முன் தினமும் அந்தப் பம்புக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அது பச்சையம்மாவின் வேலை. சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த படிக்கல்லில் கால் வைத்துச் சரசரவென்று இறங்கிப் போனாள். கோவிந்தனைக் கூடையோடு மேலே நிறுத்திவிட்டு நானும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். பதினெட்டுப் படி. தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

மோட்டாருக்குப் பின்னால் குழாய் மூட்டு ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த ஈரச் சுவரில் ஒரு கூடை நிறையப் பெரணி. இலையைத் திருப்பிப் பார்த்தேன். ஓரம் மடங்கி, மடிப்புக்குள் பழுப்புக் கோடு. விளைந்த இலை. அந்தப் பழுப்பைத்தான் வெட்டிக் காட்டச் சொல்வார்கள். பரீட்சை எழுதும் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் போக மிச்சமே இருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தேன்.

சாய்ந்த இடத்தில் வழவழவென்று ஏதோ கையில் தட்டுப்பட்டது. பச்சையாக, சுண்டுவிரல் நகத்தில் பாதி இருக்கும். ஏதோ ஈரப்பாசி என்று துடைக்கப் போனேன். பச்சையம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அத எடுத்துட்டா அப்புறம் செடி வராதும்மா. மொதல்ல இந்த நகம் வரும். நகத்து நடுவுல பள்ளமா இருக்குது பாருங்க, அதுங்கிட்ட இருந்துதான் செடி கெளம்பும். செடி பெருசாயிட்டா நகம் அழுவிப் போவும்."

அவள் கையிலிருந்த டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தேன். சுவர் முழுக்க நகங்கள். ஒவ்வொன்றும் இதய வடிவம். சிலவற்றின் பள்ளத்தருகிலிருந்து கம்பி போல ஒரு காம்பும், நுனியில் ஒரே ஒரு விசிறி இலையும் எட்டிப் பார்த்தன.

புரோதாலஸ்! பச்சையம்மாவின் நகத்துக்குப் புத்தகத்தில் இருக்கும் பெயர். நாலு வருடமாக நான் நடத்திய பாடம். போர்டில் எத்தனை முறை வரைந்திருப்பேன்! சாயம் ஏற்றிய ஸ்லைடு ஒன்று லேபில் உண்டு, அதையும் காட்டியிருக்கிறேன். ஆனால் உயிரோடு சுவரில் பார்த்ததில்லை. பார்த்தபோது பாசி என்று துடைக்கப் போனேன். அங்கே எனக்கு ஒரே சமயத்தில் வெட்கமும் சந்தோஷமும் வந்தது.

பச்சையம்மாவுக்குத் தெரியாத பாதியும் ஒன்று இருந்தது. "நகத்துல இருந்து செடி வருது, சரி. நகம் எங்கேருந்து வருது? இதுக்குப் பூவும் இல்ல, காயும் இல்ல. ரொம்ப நாளா யோசிச்சிக்கினு இருக்கேன்," என்றாள்.

விளைந்த இலை ஒன்றை என் வெள்ளைக் கைக்குட்டைமேல் தட்டிக் காட்டினேன். பழுப்புத் தூள் உதிர்ந்தது. இதுதான் ஸ்போர், இதில் ஒரு துகள் ஈரத்தில் விழுந்தால் நகமாகும், செடியாகாது என்றேன். நகத்தின் அடியில் ஆண் பாகமும் பெண் பாகமும் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கின்றன. ஆண் அணு நீந்திப் போய்ப் பெண் அணுவைச் சேர வேண்டும். சேர்ந்தால்தான் செடி.

"நீந்திப் போவுமா? அப்போ தண்ணி வேணுமே," என்றாள் பச்சையம்மா. குழாயைப் பார்த்தாள். "அதான் ஒழுவுற எடத்துல மட்டும் வருதா!"

வகுப்பில் இதை நான் இரண்டு பீரியட் நடத்துவேன். ஒரு பிள்ளைகூட அந்த இடத்துக்கு வந்து சேர்ந்ததில்லை. உண்மையைச் சொன்னால், பெரணி ஏன் ஈரத்தை விட்டு நகராது என்பதை நானும் மனப்பாடமாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

5. ஏழாம் நம்பர்

வெள்ளிக்கிழமை பிள்ளைகள் சீவிய பெரணி செக்‌ஷன் அருமையாக வந்தது. எக்ஸாமினர் ஒவ்வொரு மைக்ராஸ்கோப்பாகக் குனிந்து பார்த்துத் தலையாட்டினார். புரொபசர் முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு.

அதோடு நான் நின்றிருக்கலாம். முடியவில்லை. குட்டிச் செடி முளைத்த நகம் ஒன்றை ஈரச் செங்கல் துண்டோடு எடுத்து வந்திருந்தேன். எக்ஸாமினரிடம் அனுமதி கேட்டு, அதை ஏழாம் நம்பர் ஸ்பாட்டராக வைத்தேன். பார்த்துப் பெயர் எழுத வேண்டும், அவ்வளவுதான். என் பிள்ளைகள் எழுதிவிடுவார்கள் என்று மார்தட்டிக்கொண்டேன்.

பன்னிரண்டு பேரில் ஒருவர்கூடச் சரியாக எழுதவில்லை. ஒன்பது பேர் ரிக்சியா என்று வேறொரு ஈரச்செடியின் பெயரை எழுதியிருந்தார்கள். மூன்று பேர் வெறுமனே விட்டிருந்தார்கள். எக்ஸாமினர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் குரலில் கோபம் இல்லை. போர்டில் இதை எவ்வளவு பெரிதாக வரைவீர்கள் என்று கேட்டார். சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு என்றேன்.

"நேர்ல காட்டியிருக்கீங்களா?"

புரொபசர் பின்னாலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் கண்ணால் என்னவோ சைகை செய்தது எனக்குத் தெரிந்தது. இருந்தாலும் உண்மை வாயில் வந்துவிட்டது.

"நானே நேத்துதான் சார் முதல்ல பார்த்தேன். கிணத்துக்காரம்மா காட்டினாங்க."

அவர் ஏழாம் நம்பருக்கு எல்லோருக்கும் மார்க் போட்டுவிட்டார். "பசங்க மேல தப்பு இல்லம்மா," என்று மட்டும் சொன்னார். அறிக்கையில் பச்சை மெட்டீரியல் மிக நன்றாக இருந்ததாக எழுதிக் கொடுத்துவிட்டு மெட்ராஸ் பஸ்ஸைப் பிடித்தார்.

6. பச்சையம்மா கேட்டது

ஜூனில் ஆர்டர் வந்தது. நிரந்தரம். இனிப்பு வாங்கிக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன். முனுசாமியிடம் அன்றைக்குக் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் கூச்சத்தில் நெளிந்தார். சுண்ணாம்பில் மறுபடி பச்சை பிடிக்க ஆரம்பித்திருக்கிறது, இனிமேல் சுரண்ட மாட்டேன் என்றார்.

பச்சையம்மா இனிப்பை வாங்கி உள்ளே வைத்துவிட்டு வந்து கேட்டாள். "அன்னிக்குப் பரீட்சை இன்னா ஆச்சு? நீங்க பாசா?"

பரீட்சை எழுதியது பிள்ளைகள், நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் வேலை கிடைத்துவிட்டது என்றேன்.

"அது சரிம்மா, சந்தோசம். நான் பரீட்சைய கேட்டேன்."

"பாஸ் இல்லம்மா," என்றேன்.

முப்பது வருடத்துக்கு மேல் பாடம் நடத்தினேன். நேரில் பார்க்காத எதையும் போர்டில் வரைந்ததில்லை என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். பைன் மரக் காட்டுக்குள் நான் கடைசி வரை போனதேயில்லை, அதையும் நடத்தத்தான் வேண்டியிருந்தது. அப்படிப்பட்டதை வரையும்போதெல்லாம் சாக்பீஸைக் கையில் எடுப்பதற்கு முன் பிள்ளைகளைப் பார்த்து, இதை நான் பார்த்ததில்லை என்று சொல்லிவிட்டே வரைந்தேன்.