மே பதினைந்தில் பிறந்த இருபத்திரண்டு பேர்

ரேணுகாதேவியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் எனக்குக் கோபம்தான் வருகிறது. அவள் மாமியார்மேல் கோபம், ஆலங்காயத்து ஜோசியர்மேல் கோபம், வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்த புருஷன்மேல் கோபம். எல்லாரையும்விட, தசரதன் என்கிற என்மேல். முப்பத்திரண்டு வருஷம் வாத்தியார் வேலை பார்த்தவன் நான். அதில் பதினான்கு வருஷம் ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளி. இப்போது ஓய்வு பெற்றுக் கலசப்பாக்கத்தில் இருக்கிறேன்.

போன ஜூன் மாதம், வருஷத்துப் புளி வாங்க ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போனேன். கோணி விரித்துக் கொட்டை எடுத்த புளியைக் குவித்து வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். உதடு ஓயாமல் முணுமுணுத்தது. ஆள்காட்டி விரலில் மோதிரம் மாதிரி ஒரு பிளாஸ்டிக் மிஷின். ஒவ்வொரு முணுமுணுப்புக்கும் கட்டைவிரலால் அதை ஒரு அழுத்து அழுத்துவாள், எண் ஒன்று ஏறும். விலை கேட்டேன். இருங்கள் என்று கையைக் காட்டினாள்.

"இன்னாம்மா, புளி விக்க வந்தியா, பூசை பண்ண வந்தியா?" என்று எரிந்து விழுந்தேன்.

நிமிர்ந்து பார்த்தவள் பதறி எழுந்து நின்றாள். "சார், நா ரேணுகா சார். வாய்ப்பாடு ரேணுகா."

அட பாவமே! பதினாறாம் வாய்ப்பாட்டை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் மூச்சுவிடாமல் சொன்ன பெண். எட்டாவதுவரை படித்தாள். அப்பன் செத்ததும் சாமைக் கொல்லைக்கும் புளி உலுக்கவும் போனாள். ஆலங்காயம் பக்கம் லோடு ஆட்டோ ஓட்டும் ரமேஷுக்கு வாழ்க்கைப்பட்டு, நிவேதா என்று ஒரு பெண் குழந்தை. நான்கு வயது. இதெல்லாம் அவள் சொல்லித்தான் தெரிந்தது. சொல்லும்போதும் கட்டைவிரல் அந்த மிஷின்மேலேயே இருந்தது.

பங்குனியில் ரமேஷின் ஆட்டோ மலைப்பாதை வளைவில் கவிழ்ந்து கால் எலும்பு முறிந்துவிட்டது. மாமியார் மங்கம்மாள் மருமகளின் ஆதார் அட்டையை எடுத்துக்கொண்டு ஜோசியரிடம் ஓடியிருக்கிறாள். அவர் பிறந்த தேதியைப் பார்த்தார், கட்டம் போட்டார். மேஷ ராசி, ஏழரைச் சனி, புருஷன் உயிருக்கே ஆகாது என்றார். பரிகாரம்: தினமும் ஆயிரத்தெட்டு முறை சனி காயத்ரி, நாற்பத்தெட்டு நாள். அதுவரை புருஷன் கண்ணிலும் குழந்தை கண்ணிலும் படக்கூடாது, தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும்.

"நாப்பத்தெட்டு நாளும் முடிச்சிட்டு ஆசையா போனேன் சார். நடுவுல வூட்டுக்குத் தூரமான நாளு கணக்குல சேராது, மந்திரம் முறிஞ்சி போச்சி, மொதல்லேர்ந்து சொல்லணும்னு ஜோசியர் சொல்லிட்டாராம். வாசலோட அனுப்பிட்டாங்க. உள்ள கொழந்த அழுவுற சத்தம் கேட்டுச்சி. இன்னிக்கு மறுபடியும் ஒம்போதாவது நாளு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நானும் சாமி கும்பிடுகிறவன்தான், வருஷம் தவறாமல் பர்வதமலை ஏறுகிறவன். மந்திரம் சொல்வதில் என்ன தப்பு? ஆனால் மாதாமாதம் தூரமாகும் பெண்ணுக்கு விடாமல் நாற்பத்தெட்டு நாள் என்று விதித்தால் அது எந்தக் காலத்தில் முடியும்? அந்த ஆளுக்கு இது தெரியாதா? பெற்ற குழந்தையிடமிருந்து தாயைப் பிரித்து வைப்பதற்குப் பேர் பரிகாரமா?

"உன் பொறந்த தேதி இன்னாம்மா?" என்றேன்.

"பதினஞ்சு அஞ்சு தொண்ணூத்தாறு சார்."

அந்தத் தேதியை எழுதியவன் நான்.

இரண்டாயிரத்து ஒன்று ஜூனில் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தேன். அன்றைக்கு வரிசையில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஒருவரிடமும் பிறப்புச் சான்றிதழ் கிடையாது, எல்லாம் வீட்டுப் பிரசவம். ஜூனில் ஐந்து வயது நிரம்பியிருந்தால்தான் சேர்க்க முடியும். இந்த ஜனத்துக்குத் தேதி எங்கே தெரியப்போகிறது என்று நானே முடிவு பண்ணி, இருபத்திரண்டு பேருக்கும் மே பதினைந்து என்று எழுதித் தள்ளினேன். மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் வேலை முடிந்தது. அன்றைக்கு என் சுறுசுறுப்பை நானே மெச்சிக்கொண்டேன்.

அதை அங்கேயே அவளிடம் சொன்னேன். கட்டைவிரல் அப்படியே நின்றுவிட்டது. கத்துவாள் என்று பார்த்தேன், கத்தவில்லை. "வாங்க சார், இத எங்க மாமியார்கிட்ட வந்து சொல்லுங்க," என்றாள்.

அன்றே பழைய பள்ளிக்கூடத்துக்குப் போனோம். இப்போதிருக்கும் ஆசிரியரிடம் கெஞ்சி, சேர்க்கைப் பதிவேட்டில் அந்தப் பக்கத்தை போனில் படம் பிடித்துக்கொண்டேன். மறுநாள் காலைப் பேருந்தில் ஆலங்காயம் இறங்கி அவர்கள் வீட்டு வாசலில் நின்றோம்.

"நாளு முடியறதுக்குள்ள இன்னாத்துக்குடி வந்த?" என்று மங்கம்மாள் பாய்ந்து வந்தாள். ரமேஷ் மாவுக்கட்டுக் காலோடு கட்டிலில் கிடந்தான்.

போனை நீட்டினேன். "பாரும்மா. இருபத்திரெண்டு பேருக்கும் ஒரே தேதி, எல்லாம் என் கையெழுத்து. இதுல பூவரசன் தாலுகா ஆபீஸ்ல வேல பாக்குறான். வசந்தி போன வருஷம் மெத்தை வூடு கட்டிட்டா. அவங்களையெல்லாம் சனி வுட்டுட்டு உன் மருமவள மட்டும் புடிச்சாரா?"

அவள் அசரவே இல்லை. "அதுக்கு இன்னா இப்ப? சரியான தேதி இன்னான்னு சொல்லுங்க, ஜோசியர்கிட்ட மறுபடியும் கேட்டுக்கறேன். அதுவரைக்கும் இவ மந்திரத்த வுடக்கூடாது."

தலைக்கு ஏறிவிட்டது எனக்கு. "ஏன்டா, கால்தானே ஒடஞ்சுது, வாயுமா ஒடஞ்சுது?" என்று ரமேஷைப் பார்த்துக் கத்தினேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். மண்ணாந்தை!

சத்தம் கேட்டு நிவேதா உள்ளேயிருந்து ஓடி வந்தாள். அம்மாவைப் பார்த்ததும் நடுக்கூடத்தில் நின்றுவிட்டாள். கிட்டே வரலாமா கூடாதா என்று தெரியாமல் பாட்டி முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"எண்ணி முடிச்சிட்டியாம்மா?" என்று கேட்டாள்.

நான் வாயெடுத்தேன். "சார், நீங்க சும்மா இருங்க," என்றாள் ரேணுகா. அப்புறம் மாமியார் பக்கம் திரும்பினாள். அவள் குரல் அவ்வளவு உயர்ந்து நான் கேட்டதே இல்லை.

"நா எந்தத் தேதியில பொறந்தேன்னு எனக்குத் தெரியாது. எந்த ஜோசியருக்கும் தெரியாது. ஆனா இவ எப்ப பொறந்தான்னு எனக்குத் தெரியும், பெத்தவ நாந்தான். நாலு வருசமா இவள ஒரு நாளு வுட்டுட்டு இருந்ததில்ல. அம்பத்தேழு நாளு ஆவுது அத்த, அம்பத்தேழு! தினம் ஆயிரத்தெட்டு வாட்டி சாமி பேரச் சொல்லி இவ மூஞ்சிய நெனச்சிட்டுத்தான் உக்காந்திருந்தேன். போதும்."

விரலிலிருந்து மிஷினைக் கழற்றி மங்கம்மாள் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "உங்க புள்ள காலு கூடணும்னு நீங்க சொல்லுங்க. பெத்தவ சொன்னா சாமி கேக்கும்."

குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். மங்கம்மாள் வழியை மறித்து நின்றாள். அப்போதுதான் கட்டிலிலிருந்து ரமேஷின் குரல் வந்தது, சுவரைப் பார்த்தபடியே.

"கொழந்த துணி கொடியில கீது. எடுத்துக்கோ."

மங்கம்மாள் மகனைப் பார்த்தாள். பிறகு விலகிக்கொண்டாள்.

மலையேறும் பேருந்தில் நிவேதா தாயின் மடியில் தூங்கிப்போனாள். எனக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்திருந்தது, ஏதோ நானே சாதித்துவிட்ட மாதிரி. "ஒரு தேதியால எவ்ளோ கஷ்டம் பாரும்மா. அப்பல்லாம் யாருக்கும் தேதி தெரியாது, நா இன்னா பண்றது?" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமியாரைப் பார்த்த அதே பார்வை.

"எங்கம்மாவுக்குத் தெரியும் சார். ஐப்பசில, ஏழு நாளு மழ வுட்ட மறுநாளு, சாமை அறுக்கப் போன கொல்லையிலயே பொறந்தேனாம். நேத்து ராத்திரி கேட்டேன், சொல்லிச்சி. அன்னிக்கு என் கையப் புடிச்சிட்டு ஒங்க மேசைக்கு முன்னாடிதான் நின்னுச்சாம். நீங்க கேக்கவே இல்லியாம்."

நான் கேட்கவில்லை. இருபத்திரண்டு தாய்மார்களும் வரிசையில்தான் நின்றார்கள். ஒருத்தியையும் நான் கேட்கவில்லை.