மாக்கல் முகம்

1937 பிப்ரவரி 9, செவ்வாய்க்கிழமை. சேலத்திலிருந்து முந்தின நாளே வந்து தருமபுரியில் தங்கியிருந்தேன். காலை 7.10க்குப் பஸ் ஏறி, 9.05க்கு மாரண்டஹள்ளியில் இறங்கினேன். கட்டணம் ஏழணா. அங்கிருந்து ஜமீன் மாளிகை மூன்று மைல், மாட்டுவண்டிக்கு ஆறணா.

சென்ற நூற்றாண்டில் அந்த ஜமீனை ஆண்டவர் தம் கையாலேயே படம் எழுதினார், கல்லில் முகம் செதுக்கினார். அவர் செதுக்கிய பெண் தலை ஒன்றை வாங்க விரும்பிய பெங்களூர் நண்பர், அதைப் பார்த்து அளந்து எழுதும்படி என்னை அனுப்பியிருந்தார்.

பழைய ஜமீன்தாரைப் பற்றிக் கேட்டதுமே வண்டிக்காரர் சிரித்தார். "எங்கப்பன ஒரு நா முழுக்க உக்கார வெச்சு எழுதுனாருங்க. மூக்கு மேல ஈ உக்காந்தாலும் ஓட்டக் கூடாதுன்னுட்டாரு. கடசில படத்துல ஈயையும் சேத்து எழுதிட்டாருங்க!"

மாளிகைக் கூடத்தில் பதினான்கு படங்கள். எல்லாரும் கைகளைச் சால்வைக்குள் மறைத்திருந்தார்கள்.

"தாத்தாவுக்குக் கை மட்டும் எழுத வராதுங்க" என்றார் ஜமீன்தாரின் பேரர். "கல்லுத் தல கொல்லைல இருக்குது, வாங்க."

கிணற்றடியில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண்மணி அந்தத் தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார். பெயர் மாதம்மாள், பக்கத்து ஊரில் ராகி பயிரிடும் குடும்பம். கல்லில் இருப்பது அவருடைய தாய். மாளிகையில் வேலை செய்த காலத்தில் ஜமீன்தார் செதுக்கியது. மாதம்மாளுக்கு இரண்டு வயதாகும்போது தாய் இறந்துவிட்டார். விவரம் தெரிந்த நாள் முதல் செவ்வாயும் வெள்ளியும் வந்து, எண்ணெய் வைத்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டுகிறார்.

மாக்கல் நகம் பட்டாலே கோடு விழும் கல். ஐம்பது ஆண்டுத் தேய்ப்பில் மூக்கு தட்டையாகி, உதடுகள் மறைந்து, கண்கள் இரண்டு பள்ளங்களாகிவிட்டன. கை எட்டாத காதோர மடிப்பில் மட்டும் மயிரிழைகள் ஒவ்வொன்றாக எண்ணும்படி இருந்தன. அவ்வளவு நுட்பமான வேலை.

"நீங்கதான் எங்கம்மாவப் பெங்களூருக்குக் கூட்டிக்கிட்டுப் போறவுங்களா?" என்றார் மாதம்மாள்.

"பார்க்கத்தான் வந்தேன்."

"அங்க குளுரு சாஸ்தியாமே. வெந்நி யாருங்க வெப்பாங்க?"

"தேய்க்கத் தேய்க்க முகம் அழிகிறதே, அம்மா" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது.

அவர் கை நின்றது. "தெரியுமுங்க. சின்னதுல மூக்கு என் உள்ளங்கைல தட்டும். இப்பத் தட்டுறதில்ல. அதுக்குன்னு அவ எண்ணயில்லாத தலையோட உக்காந்திருக்கணுங்களா?"

பேரர் என்னைத் தனியே அழைத்தார். "உங்க சிநேகிதர் வேண்டாம்னா இது இங்கயே இருக்கட்டுங்க. வேற யாரும் கேக்கல."

நாடாவை எடுத்தேன். நான் அளந்து முடிக்கும்வரை மாதம்மாள் தாயின் தலையை ஆடாமல் பிடித்துக்கொண்டார்.

பிற்பகல் 2.40 பஸ்ஸில் நண்பருக்குக் கடிதம் எழுதினேன்: "உயரம் பதினொன்றேகால் அங்குலம். மூக்கு இல்லை, வாய் இல்லை, கண்கள் தெரியவில்லை. வாங்க வேண்டாம்."

சேலத்தில் என் வீட்டுச் சுவரில் என் தாயின் புகைப்படம் கண்ணாடிக்குள் இருக்கிறது. முகம் சற்றும் மங்கவில்லை. ஞாயிறுதோறும் தூசி துடைக்கிறேன், கண்ணாடியைத்தான்.