கனத்த எஞ்சினும் முன்பக்கப் பட்டைகளும்

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. அண்ணன் தன் மீன் வண்டியில், ஒரு லாரியிலிருந்து கழற்றிய கனமான எஞ்சினைப் பொருத்தவைத்தான். முன்பக்க ஸ்பிரிங் பட்டைகளை மாற்றவில்லை.
2. சந்தையிலிருந்து திரும்பும்போது முன்டயர் மட்கார்டில் உரசி வெடித்தது. வண்டி மதகுச் சுவரில் மோதியது. அம்மாவின் காறை எலும்பு உடைந்தது.
3. எஞ்சினைப் பொருத்திய மெக்கானிக்கின் மூக்கை அண்ணன் உடைத்தான்.
4. நான் அண்ணனின் மணிக்கட்டை உடைத்தேன்.

சுனாமிக்குப் பிறகு அண்ணன் கடலுக்குப் போகவில்லை. இந்தப் பிக்கப்தான் அவனுக்குத் தொழில். திருவேட்டக்குடியில் ஐஸ் பெட்டிகளைப் பின்கதவை ஒட்டி அடுக்குவார்கள், சந்தையில் சட்டென்று இறக்க. அந்தப் பாரத்தில் வண்டியின் மூக்கு எழும்பும். அப்போது பார்த்துத்தான், உயரம் சரியாக இருக்கிறது என்றான். திரும்பும்போது பெட்டிகள் காலி. மீன் விற்ற பெண்கள் கூடைகளோடு ஏறி, கேபினை ஒட்டிய கம்பியைப் பிடித்துக்கொண்டு நெருக்கி நிற்பார்கள். மூக்கு அமுங்கி, மட்கார்டு டயரை நெருங்கிவிடும். அம்மா எப்போதும் அந்தக் கம்பியோரம்தான்.

நான் மெக்கானிக்கல் டிப்ளமோ. பட்டையை மாற்றச் சொல்லி முன்பே சொன்னேன். "உன் படிப்ப வீட்ல வச்சுக்க" என்றான்.

மோதிய மறுநாள் மாலை, வண்டி நின்ற பட்டறைக்குப் புது டயரோடு போனான். நானும் பின்னாலேயே போனேன்.

"மாட்டுய்யா. காலையில சரக்கு ஏத்தணும்."

மெக்கானிக் நெடுங்காட்டுக்காரர், அண்ணனைவிட மூத்தவர். "பட்டைய மாத்தாம மாட்ட மாட்டேன் தம்பி. அன்னைக்கே சொன்னேன்ல?"

"சொல்லிட்டு எதுக்குய்யா எஞ்சின ஏத்துன?"

"நீ கழுத்துல கத்தி வைக்காத கொறையா நின்ன, ஏத்துனேன்."

"எங்கம்மா ஆஸ்பத்திரில கெடக்குது."

"நானா ஓட்டுனேன்?"

அண்ணன் குத்தினான். எலும்பு நொறுங்கியது எனக்கே கேட்டது. அவர் பழைய பட்டைக் குவியல்மேல் சாய்ந்தார். விழுந்தவரின் விலாவில் மிதித்தான், மறுபடியும் மிதித்தான். பக்கத்து டீக்கடை ஆட்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள்.

"விடுப்பா, அவரு செத்துட்டா டயர யாரு மாட்டுறது?" என்றார் ஒருவர். யாரும் தடுக்கவில்லை.

அண்ணன் ஜாக்கிக் கம்பியை எடுத்தான்.

"அண்ணே, கீழ போடு."

"தள்ளிப் போடி. உன்னையும் சேத்துப் பொளந்துருவேன்."

கம்பி உயர்ந்தது. வீல் ஸ்பானரை எடுத்து அவன் வலது மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். தலை பக்கத்தில்தான் இருந்தது, அங்கே அடிக்கவில்லை. மணிக்கட்டு போனால் கம்பியும் விழும், காலையில் ஸ்டியரிங்கும் பிடிக்க முடியாது. அவன் அலறிக்கொண்டே இடது கையால் என்னை அறைந்தான். உதடு கிழிந்தது, மட்கார்டில் போய் மோதினேன்.

"நாளைக்கு எந்தக் கையால ஓட்டுவ?" என்றேன்.

மூக்கில் பஞ்சோடு மெக்கானிக் மறுநாள் வேலையைத் தொடங்கினார். கனமான பட்டைக் கட்டு, அதற்கேற்ற நீளமான யு போல்ட், புது ஷாக் அப்சார்பர். டீக்கடை ஆட்களையே ஏற்றிக் கம்பியோரம் நிற்கவைத்து, டயருக்கும் மட்கார்டுக்கும் உள்ள இடைவெளியை அளந்தேன். ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுக்க ஒடித்தோம். உரசவில்லை.

வண்டி இப்போது வேறொரு டிரைவரிடம் ஓடுகிறது. பெண்கள் அதில்தான் திரும்புகிறார்கள். அம்மாவால் கூடையைத் தலைக்குத் தூக்க முடியவில்லை, வீட்டில் இருக்கிறாள். அண்ணனின் மணிக்கட்டு முழுதாக மடங்காது. அவன் என்னோடு பேசுவதில்லை.