அக்கா சிரிக்கும் படம்

சூலக்கரைப் பக்கம் ஒரு மண்டபத்தில் பத்திரிகைப் புகைப்படக் கண்காட்சி. பட்டாசுத் தொழிலாளிகளின் துயரத்தை ஏசி போட்ட ஹாலில் வரிசையாக மாட்டி வைத்திருந்தார்கள். வாசலில் சுக்குமல்லிக் காபி வேறு. எனக்குப் போகவே பிடிக்கவில்லை. அக்கா மகள்தான் விடவில்லை.

அவளுடைய அம்மா, என் கூடப்பிறந்த அக்கா, பட்டாசுக் கம்பெனி விபத்தில் போய் நான்கு வருஷமாகிறது. வீட்டில் இருக்கிற ஒரே படம் வாக்காளர் அட்டையிலிருந்து பெரிதாக்கியது. யாரோ அதட்டி உட்கார வைத்த மாதிரி அதில் முறைத்துக்கொண்டிருப்பாள். கண்காட்சியில் அக்கா சிரிக்கிற படம் ஒன்று இருப்பதாகத் தோழி ஒருத்தி சொல்லியிருக்கிறாள்.

"அம்மா சிரிச்சா எப்படி இருப்பான்னே மறந்துபோச்சு மாமா. வாங்க, போயிட்டு வந்துருவோம்" என்றாள். அம்மா போனபின் அவளை வளர்ப்பவன் நான். எப்படி மறுப்பது?

உள்ளே கருகிய சுவர், ஒற்றைச் செருப்பு, ஆஸ்பத்திரி வராந்தா. ஒரு படத்தின் முன்னால் நின்று இரண்டு பேர், "வெளிச்சம் எப்படி விழுந்திருக்கு பாத்தீங்களா" என்று ரசித்துக்கொண்டிருந்தார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. இழவு வீட்டுக்கு வந்து பந்தல் நன்றாயிருக்கிறது என்று சொல்வீர்களாய்யா?

அக்கா படம் கடைசிச் சுவரில் இருந்தது. வேப்பமரத்தடியில் ஐந்து பெண்கள். நடுவில் அக்கா, முழங்கைவரை வெடிமருந்துத் தூளோடு, வாய் கொள்ளாத சிரிப்பு. கீழே 'உழைப்பின் நடுவே ஓர் இளைப்பாறல்' என்று எழுதியிருந்தது. அக்கா மகள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தாள். தொடாதீர்கள் என்று சொல்ல வந்தவரிடம், "எங்கம்மாங்க" என்றாள்.

படம் எடுத்தவரே வந்துவிட்டார். சென்னைக்காரர், நல்ல மனுஷன். தயங்கித் தயங்கிப் பேசினார். "கம்பி வேலிக்கு வெளியே நின்னு எடுத்தேன்மா. எதைப் பார்த்து அப்படிச் சிரிச்சாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியலை."

அவள் என் பக்கம் திரும்பினாள். "மாமா, நீங்க அங்கனதான போர்மேனா இருந்தீக? எதுக்குச் சிரிச்சா?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். நான்கு வருஷமாக அந்தப் பிழைப்புதானே? அம்மாவைக் கொன்றது கம்பெனி முதலாளிதான் என்று அவள் கரித்துக்கொட்டும்போதெல்லாம் நானும் கூடச் சேர்ந்து கரித்துக்கொட்டியிருக்கிறேன். ஆனால் அக்கா அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது பொய் வாயில் வரவில்லை. சொல்லிவிட்டேன்.

தாயில்பட்டி தாண்டி எங்கள் கம்பெனி. பூச்சட்டிக்கு மருந்து அடைக்கிற அறையில் நான்கு பேருக்கு மேல் உட்காரக் கூடாது. சீசனில் நான் ஒன்பது பேரை உட்கார வைப்பேன். முதலாளி சரக்கை மட்டும்தான் கேட்டார். ஆளை நெருக்கியது நான். சோதனைக்கு அதிகாரிகள் வந்தால் முக்குரோட்டு டீக்கடைக்காரர் போன் போடுவார்: "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வாராக." உடனே நான்கு பேரை வைத்துக்கொண்டு மிச்ச ஐந்து பேரையும் பின்னால் வேப்பமரத்துக்கு விரட்டுவேன். சும்மா வந்தவர்கள் மாதிரி அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

அன்றைக்கு வெள்ளைக் காரில் வந்தது இந்தப் படக்காரர். டீக்கடைக்காரர் அதிகாரி என்று நினைத்துவிட்டார். விரட்டுகிற அவசரத்தில் நான் தண்ணீர்த் தொட்டிச் சேற்றில் வழுக்கிக் குப்புற விழுந்தேன். "ஏலே தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்கு இம்புட்டுப் பெரிய கும்பிடா!" என்றாள் அக்கா. நான் எழுந்து உள்ளே ஓடிய பிறகும் சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

கார் போனதும் ஐந்து பேரையும் திரும்ப உள்ளே உட்கார வைத்தேன். மறுவாரம் அந்த அறைதான் வெடித்தது. நான் லாரியில் லோடு ஏற்ற வாசலுக்குப் போயிருந்தேன். சட்டப்படி அக்காவுக்கு அந்த அறையில் இடமே கிடையாது. இடம் போட்டுக் கொடுத்தவன் நான், பாவி.

படக்காரர் தரையைப் பார்த்தார். பிறகு, "கீழே எழுதியிருக்கிறதை எடுத்துடவா?" என்று கேட்டார்.

"அது கெடக்கட்டும். எனக்கு அந்தப் படம் வேணும்" என்றாள் அக்கா மகள்.

அவள் அழுவாள், கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். பிடித்திருந்தால் நன்றாயிருந்திருக்கும். பஸ்ஸில் முன்சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்தும் இரண்டு வாரம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

சட்டம் போட்ட படம் பார்சலில் வந்தது. சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டுவாள் என்று நினைத்தேன். நான் தினமும் சாப்பிட உட்காருகிற இடத்துக்கு நேரெதிரே ஆணி அடித்தாள்.

"இங்கன எதுக்குத்தா?" என்றேன்.

"ஒங்களப் பாத்துத்தான சிரிச்சா? பாத்துக்கிட்டே இருக்கட்டும்."

தட்டை வைத்துச் சோறு போட்டாள். நான் தலையைத் தூக்காமல் சாப்பிட்டேன்.